புது கிரெடிட் கார்டு: தேர்ந்தெடுப்பதிலிருந்து கணக்கை மூடுவது வரை

கோவையில் ஒரு மாலில் படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போதுதான் என் முதல் கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். மேசை போட்டு நின்றிருந்த இளைஞர், "லைஃப்டைம் ஃப்ரீ சார், ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்" என்றார். நம்பினேன். ஓராண்டு கழித்து வந்த பில்லில் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 588 ரூபாய் 82 காசு. கஸ்டமர் கேரில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "முதல் வருடம் மட்டும்தான் சார் இலவசம். வாழ்நாள் முழுக்க இலவசம் என்று உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. கட்டினேன்.

தொகை சிறியதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கார்டு எடுக்கும்போதும் சரி, பிறகு வங்கியோடு தகராறு வரும்போதும் சரி, எழுத்தில் இருப்பதுதான் நிற்கிறது. வாயால் சொன்னது எதுவும் பில்லில் ஏறுவதில்லை. கீழே இருக்கும் படிகள் எல்லாமே அந்த அனுபவத்திலிருந்து தொடங்கியவை.

படி 1: முழு பில்லையும் மாதாமாதம் கட்ட முடியுமா?

எந்தக் கார்டு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதில் "முடியும்" என்றால் மேலே படியுங்கள். "சில மாதம் முடியாது" என்றால் கேஷ்பேக், பாயிண்ட், லவுஞ்ச் எல்லாம் உங்களுக்குக் கணக்கே இல்லை. ஏன் என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5% முதல் 3.75% வரை. கேட்க சிறியதாக இருக்கும். ஆண்டுக்கு அது 42% முதல் 45%. உங்கள் பில் தேதி 10, கெடு தேதி 30 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 15 அன்று 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 10 அன்று பில் வருகிறது. குறைந்தபட்சத் தொகை 2,000 என்று போட்டிருக்கிறது. ஏப்ரல் 30 அன்று அதை மட்டும் கட்டுகிறீர்கள்.

மீதி 38,000-க்குத்தான் வட்டி, அதுவும் மே மாதத்திலிருந்துதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுத் தொகை கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து கெடு தேதி வரை கிடைக்கும் வட்டியில்லாக் காலம் மொத்தமாகப் போய்விடும். முழு 40,000-க்கும், வாங்கிய நாளான மார்ச் 15-லிருந்தே வட்டி ஏறும். ஏப்ரல் 30 வரை 46 நாளுக்கு 45% கணக்கில் சுமார் 2,268 ரூபாய். அதன் பிறகு மே 10 பில் வரை பத்து நாளுக்கு 38,000-த்தின் மேல் சுமார் 468 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,737; அதற்கு ஜிஎஸ்டி 18%. ஆக 3,230 ரூபாய். நீங்கள் கட்டியது 2,000. அடுத்த பில்லில் வந்த வட்டியும் அதன் வரியும் மட்டும் அதைவிட 1,230 ரூபாய் அதிகம். ஃபிரிட்ஜ் வாங்கியதற்கு 1% கேஷ்பேக் கிடைத்திருந்தால் அது 400 ரூபாய்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் பாக்கிதாரர் என்று பெயர் விழாது. அவ்வளவுதான் அதன் பயன். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வட்டிக்கு மேல்வரம்பு ஏதாவது உண்டா என்றால், 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஆண்டுக்கு 30%-க்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டி விஷயத்தில் நம்மைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான்.

படி 2: சொந்தச் செலவை எழுதிப் பாருங்கள்

விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வங்கிக் கணக்கின் கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஜிபே, போன்பே செலவும் அதில் வந்துவிடும்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவு 38,000 என்று வைப்போம். வாடகை 12,000. மளிகை 7,000. பால், காய்கறி, மீன் 5,000. ஆன்லைனில் வாங்குவது 5,000. பெட்ரோல் 3,000. கரண்ட் பில், போன், இன்டர்நெட், கேஸ் 3,000. ரயில், பஸ், வெளியில் சாப்பாடு 3,000.

இதில் கார்டு எங்கே நுழையும்? வீட்டு உரிமையாளர் கார்டில் வாங்க மாட்டார். செயலி வழியாக அனுப்பினாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, பாயிண்ட்டும் வராது. மீன்காரம்மாவிடம் கார்டு தேய்க்க முடியாது. பெட்ரோலுக்கும், கரண்ட் பில் போன்றவற்றுக்கும் பல கார்டுகள் பாயிண்ட் தருவதில்லை. மளிகையை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் அது சேரும். ஆக, உண்மையில் பலன் தரும் செலவு மளிகை 7,000, ஆன்லைன் 5,000, பயணமும் சாப்பாடும் 3,000. மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000.

இந்த எண் கையில் வந்துவிட்டால் பாதிக் கார்டுகள் தானாகக் கழன்றுவிடும். "ஆண்டுக்கு 2 லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி" என்கிற கார்டு இந்தக் குடும்பத்துக்கு 20,000 ரூபாயில் தவறிப்போகும். தள்ளுபடியைப் பிடிக்கிறேன் என்று மார்ச் மாதம் வேண்டாத பொருளை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வரியோடு 1,180 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்த 20,000 செலவு.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஆன்லைனுக்கு 5%, மற்றதற்கு 1% தரும் கார்டு, ஆண்டுக் கட்டணம் வரியோடு 1,180 என்றால்: ஆன்லைன் 60,000-க்கு 3,000 ரூபாய், மீதி 1,20,000-க்கு 1,200. கட்டணம் போக 3,020 ரூபாய் மிச்சம். பத்தாயிரம் ரூபாய் கட்டணமுள்ள பிரீமியம் கார்டை இதே குடும்பம் எடுத்தால் வரியோடு 11,800 கையை விட்டுப் போகும். அதைத் திரும்பப் பிடிக்க அவர்களுக்கு வழியே இல்லை.

படி 3: பாயிண்ட்டை ரூபாயாக மாற்றுங்கள்

"150 ரூபாய்க்கு 4 பாயிண்ட்" என்று போட்டிருப்பார்கள். ஒரு பாயிண்ட் 25 காசு என்றால் 150-க்கு ஒரு ரூபாய். அதாவது 0.67%. "10 மடங்கு பாயிண்ட்" என்றாலும் இதே போல ரூபாயாக்கிப் பார்த்த பிறகுதான் அடுத்த கார்டோடு ஒப்பிட முடியும். பாயிண்ட்டின் மதிப்பு எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். விமான டிக்கெட்டுக்கு ஒரு விலை, வவுச்சருக்கு ஒரு விலை, பில்லில் கழிக்க அதைவிடக் குறைந்த விலை. மாற்றும்போது 99 ரூபாய் போல ஒரு கட்டணமும் பல இடங்களில் உண்டு. எத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். கணக்குப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கேஷ்பேக் கார்டு. பில்லில் கழிந்துவிடும், மறக்கவும் வழியில்லை.

விலக்குப் பட்டியல்தான் மிக முக்கியம். எந்தெந்தச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது என்று நிபந்தனைகளில் ஒரு பத்தி இருக்கும். வாடகை, வாலட், பெட்ரோல், காப்பீடு, அரசுக் கட்டணம், சில கார்டுகளில் நகை. வீட்டில் கல்யாணம் வருகிறது, நகை வாங்கினால் பாயிண்ட் குவியும் என்று நினைத்துக் கார்டு எடுப்பவர்கள் அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் "சர்சார்ஜ் தள்ளுபடி" என்பதைப் பலர் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கார்டில் போட்டதால் கூடுதலாகப் பிடிக்கும் 1%-ஐத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். மாதம் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குப் பெட்ரோல் போடுபவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்களோடு சேர்ந்து தரும் கார்டுகள் தனியாக இருக்கின்றன. அவை உண்மையிலேயே பலன் தரும்.

அடிக்கடி ஒரே இடத்தில் வாங்குபவர்களுக்கு, வங்கியும் ஒரு நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டுப் பெயர் கார்டுகள் பொருந்தும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்குச் சேரும் கட்டணமும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. ரயிலில் அதிகம் போகிறவர்களுக்கு ஐஆர்சிடிசி பெயரில் கார்டுகள் உண்டு. ரூபே கிரெடிட் கார்டை 2022-லிருந்து யுபிஐ-யில் இணைக்கலாம். தேய்க்கும் மெஷின் இல்லாத கடையிலும் க்யூஆர் இருந்தால் கார்டிலிருந்தே கட்டலாம். ஆனால் கடைக்கான க்யூஆராக இருக்க வேண்டும். நண்பருக்கோ வீட்டு உரிமையாளரின் சொந்த எண்ணுக்கோ இப்படி அனுப்ப முடியாது. தெருமுனைக் கடைகளிலேயே அதிகம் வாங்கும் குடும்பத்துக்கு ஒரு ரூபே கார்டு வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. 2024 செப்டம்பர் 6-லிருந்து பெரிய வங்கிகள் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என எந்த நெட்வொர்க் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேளுங்கள்.

படி 4: சிபிலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதைக் காட்டும் ஸ்கோர் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இருக்காது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா, அடைத்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

விண்ணப்பத்தை வங்கியின் சொந்தத் தளத்திலோ கிளையிலோ கொடுங்கள். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேட்பது எளிது. உங்கள் வரவு செலவு அவர்களுக்கே தெரியும். ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், பணத்துக்கு அலைகிறவர் போலத் தோற்றம் தரும். ஒரு இடத்தில் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. அதைக் கேட்டு வாங்கி, சரிசெய்துவிட்டுச் சில மாதம் கழித்து அடுத்த இடத்துக்குப் போங்கள்.

வருமானச் சான்று இல்லாதவர்களுக்கும், முதல்முறை கார்டு எடுப்பவர்களுக்கும் பிக்சட் டெபாசிட்டின் மேல் தரும் கார்டு இருக்கிறது. திருப்பூரில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் என் தங்கைக்கு எந்த வங்கியும் கார்டு தரவில்லை. 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு அதன் மேல் வாங்கினாள். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருந்தது, கார்டை ஒழுங்காகக் கட்டியதில் அவள் பெயரில் ஸ்கோரும் உருவானது. கணவர் பெயரில் உள்ள கார்டுக்கு ஆட்-ஆன் எடுத்துக்கொடுப்பதைவிட இது மேல். ஆட்-ஆன் கார்டில் செலவு அவளுடையது, கணக்கு அவருடையது.

ஏஜென்ட் மூலம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்குறுதியையும் வாட்ஸ்அப்பிலாவது மெயிலிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். "சரிங்க சார், அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாவிட்டால் பதில் தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணங்கள் அடங்கிய ஒரு பக்க முக்கிய விவரத் தாளை வங்கி தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்பதுதான் "லைஃப்டைம் ஃப்ரீ"யின் உண்மை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு விற்க உங்களைக் காலை 10 முதல் இரவு 7 வரை மட்டுமே அழைக்கலாம் என்பதும் விதிதான்.

படி 5: கார்டு கைக்கு வந்ததும்

செயலியைத் திறந்து ஆட்டோ டெபிட்டைப் போடுங்கள். "குறைந்தபட்சத் தொகை", "மொத்தத் தொகை" என்று இரண்டு தேர்வு வரும். மொத்தத் தொகை. இதைத் தவறாகப் போட்டுவிட்டு, ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நம்பி மாதக்கணக்கில் வட்டி கொடுத்தவர்கள் பலர்.

அடுத்து பில் தேதி. சம்பளம் 1-ஆம் தேதி என்றால் கெடு தேதி 5-ஐ ஒட்டி வருமாறு மாற்றிக் கேளுங்கள். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும். பில் தேதிக்கு மறுநாள் வாங்கும் பொருளுக்கு ஏறக்குறைய 50 நாள் அவகாசம் கிடைக்கும், முந்தின நாள் வாங்கினால் 20 நாள்தான். பெரிய செலவை இதற்கேற்ப ஒரு நாள் தள்ளிப் போட்டாலே போதும்.

புதுக் கார்டில் ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டும் வசதி மூன்றும் மூடித்தான் வரும். தேவையானதை மட்டும் திறங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடியே வையுங்கள், பயணத்துக்கு முன் திறந்தால் போதும். அங்கே 3.5% கூடுதல் கட்டணமும் வரியும் சாதாரணம். தட்டிக் கட்டும்போது 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. கார்டு தொலைந்தால் எடுத்தவருக்கும் கேட்காது, அதனால் வரம்பைக் குறைத்து வைக்கலாம்.

கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்க வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதோடு கட்டணமும்.

கார்டில் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பான லிமிட்டில் 30%-க்குள் செலவு இருந்தால் ஸ்கோருக்கு நல்லது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் "நோ காஸ்ட் இஎம்ஐ" எடுத்தால் விலைத் தள்ளுபடியாக வட்டியைக் கழித்திருப்பார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் பில்லில் வரும்.

படி 6: வங்கியோடு பேசுவது

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் எழுத நினைத்தேன். கார்டு எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பில்லில் ஒரு தவறான தொகை வந்து, கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் காத்திருந்து, லைன் கட்டான பிறகு என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கார்டுகளுக்கென்று வெளியிட்ட விதிகள் அந்த ஆண்டு ஜூலை 1-லிருந்து நடைமுறைக்கு வந்தன. அவை நம் பக்கம் நிற்பவை. தெரிந்து வைத்திருந்தால் பேச்சே மாறும்.

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் கார்டு கொடுத்தோ உயர்த்தியோ கட்டணம் போட்டால் அதை நீக்குவதோடு, நீக்கிய தொகையைப் போல இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். கார்டு வந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் செயல்படுத்தாவிட்டால் ஓடிபி மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும், தராவிட்டால் கட்டணமின்றி மூட வேண்டும். லிமிட்டை உயர்த்தவும் உங்கள் ஒப்புதல் தேவை. "சார், உங்களுக்கு லிமிட் கூட்டியிருக்கிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது அழைத்தால் அது மோசடி. வங்கி ஓடிபியைப் போனில் கேட்காது.

கெடு தேதி தவறி மூன்று நாளுக்குள் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் போடக் கூடாது, சிபிலுக்கும் அனுப்பக் கூடாது. அதற்கு மேல் தாமதமானாலும் அந்தக் கட்டணத்தைக் கெடு தேதிக்குப் பிறகு பாக்கியிருக்கும் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், பில்லின் முழுத் தொகையை வைத்து அல்ல.

பில்லில் தவறு இருந்தால் நீங்கள் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். போனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்குங்கள், அதே நாளில் ஒரு மெயில் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, கடைசி நான்கு இலக்கம் இன்னதாக உள்ள என் கார்டின் ஜூன் மாத பில்லில் 'பாதுகாப்புத் திட்டம்' என்ற பெயரில் இன்ன தொகை சேர்க்கப்பட்டுள்ளது. இதற்கு நான் எழுத்திலோ ஓடிபி மூலமோ ஒப்புதல் தரவில்லை. இன்று காலை 11 மணிக்குக் கஸ்டமர் கேரில் பேசினேன், புகார் எண் இது. தொகையையும் அதன் வரியையும் நீக்கித் தர வேண்டும். ஒப்புதல் தந்தேன் என்று கருதினால் அதன் பதிவை அனுப்பவும். பில்லின் மீதித் தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிட்டேன்."

கடைசி வரி முக்கியம். ஒரு தொகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு முழு பில்லையும் நிறுத்தி வைத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வட்டியும் சிபில் பாதிப்பும் உங்கள் தலையில் வரும். தகராறில் இல்லாததைக் கட்டிவிடுங்கள்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்தது புகார்களைக் கவனிக்கும் வங்கியின் நோடல் அதிகாரி. அவருடைய மெயில் முகவரி வங்கித் தளத்தில் "குறைதீர்ப்பு" பக்கத்தில் இருக்கும். முதல் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் தீர்வு இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற இலவச எண்ணில் உதவி கேட்கலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்த சான்று இல்லாமல் நேரே இங்கே போனால் ஏற்க மாட்டார்கள். மெயில் ஏன் என்று இப்போது புரியும். நான் பார்த்த வரை, "30 நாள் முடிந்ததும் ஆம்பட்ஸ்மேனிடம் போகிறேன்" என்று தேதியோடு எழுதிய மெயிலுக்குப் பதில் வேகமாக வருகிறது.

ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கு இவ்வளவு தேவையில்லை. கட்டணம் பில்லில் வந்ததும் அழைத்து, "கட்டணம் போடுவதாக இருந்தால் கார்டை மூடிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளர் என்றால் தள்ளுபடியோ, இத்தனை ரூபாய் செலவு செய்தால் திருப்பித் தருகிறோம் என்ற சலுகையோ வரும். சலுகையை மெயிலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

மோசடி நடந்தால்: முதல் ஒரு மணி நேரம்

என் சித்தப்பாவுக்கு "உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்று காலாவதியாகிறது" என்று குறுஞ்செய்தி வந்தது. லிங்கைத் தொட்டு கார்டு எண், ஓடிபி எல்லாம் கொடுத்துவிட்டார். 18,000 போனது. அவமானமாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த ஓடிபியில் இன்னும் போயிருக்கும். நல்லவேளை, உடனே என்னை அழைத்தார். இப்படி ஏமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர்களும் வங்கியிலேயே வேலை பார்த்தவர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

செயலியிலேயே கார்டை முடக்குங்கள். 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றத்துக்கான எண் அது. வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள், மெயிலும் அனுப்புங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வேறெங்கோ தகவல் கசிந்தது என்றால் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000, அதற்கு மேல் 25,000. சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் சொல்லும் வரை ஆன நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது. அதனால்தான் நிமிடங்கள் முக்கியம்.

கட்ட முடியாமல் போனால்

வேலை போய்விடுகிறது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. போனை எடுக்காமல் இருக்கத்தான் தோன்றும். அதற்குப் பதில் நீங்களே வங்கிக்கு எழுதுங்கள். பாக்கியைக் குறைந்த வட்டியில் இஎம்ஐ ஆக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது நகைக்கடன் எடுத்து அடையுங்கள். 42% வட்டிக்கு நகைக்கடன் எவ்வளவோ மேல். "செட்டில்மென்ட்" என்று பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொன்னால் யோசியுங்கள்; அறிக்கையில் அப்படியே எழுதுவார்கள், அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லை என்றால், அந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டதாக வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு மட்டும் பணம் கட்டுங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. செய்தால் நேரத்தையும் எண்ணையும் குறித்து, அழைப்பைப் பதிவு செய்து, வங்கிக்கு மெயில் அனுப்புங்கள். அவர்கள் வெளியாட்கள் என்று சொல்லி வங்கி ஒதுங்க முடியாது.

படி 7: கார்டை மூடுவது

மூடுவதற்கு முன் பாயிண்ட்டைப் பயன்படுத்திவிடுங்கள். ஓடிடி, காப்பீடு போன்று அந்தக் கார்டில் தானாகப் போகும் கட்டணங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பாக்கியை முழுதாகக் கட்டுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு அது, ஆண்டுக் கட்டணமும் இல்லை என்றால் மூடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்னச் செலவு செய்து வைத்திருங்கள், ஸ்கோருக்கு உதவும்.

மூடச் சொல்லி மெயிலிலோ செயலியிலோ கேளுங்கள். தபாலில் அனுப்பினால்தான் மூடுவோம் என்று இழுத்தடிக்க அவர்களுக்கு உரிமையில்லை. பாக்கி இல்லாத கணக்கை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அழைத்துப் பேசுபவர் புதுச் சலுகை சொல்லுவார். வேண்டாம் என்றால் "வேண்டாங்க, மூடிடுங்க" என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். மூடிய உறுதியையும் பாக்கியில்லை என்ற சான்றையும் மெயிலில் வாங்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று வந்திருக்கிறதா பாருங்கள். கார்டை வெட்டும்போது சிப்பின் நடுவே வெட்டுங்கள்.